திரும்பும்போது ஒருவருக்கு மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் இறங்கிவிட்டதா? போன தடவை உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே உன் அம்மா நலம். கண்ணுக்கு முன்னால் ஒரு குறையும் இல்லாமல் நடமாடுகிறாள், பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். அதனால் நலம் என்றுதான் எழுத வேண்டும். நான்தான் முந்தாநாளிலிருந்து கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் ஹாலில் இருக்கிறது. உன் அம்மாவும் ஹாலில்தான் இருக்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

நாங்கள் காரில் ஊர் சுற்றப் போவதாக முன்பே எழுதியிருந்தேன். உனக்குத் தெரியும், டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலம் முழுக்க, எந்த பஸ் எந்த ஊருக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதியே பொழுது போனது. நான் எழுதிய ஊர்களில் பாதியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் அந்தப் பழைய காரை வாங்கினேன். பிறகு ஒரு வரைபடம் வாங்கினேன். பிறகு ஒரு நல்ல பென்சில். இந்தப் பயணம் போல நான் எதையும் ஆசைப்பட்டுத் திட்டம் போட்டதில்லை, பாப்பா. முதல் நாள் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தங்கல். அடுத்த நாள் ஊசியிலைக் காட்டுக்குள் மலைக்கணவாயில் ஒரு விடுதி. அதற்கடுத்து மேலே ஏரி ஊர். அங்கிருந்து வேறு பாதையில் இறங்கி, அருவிப் பக்கத்தில் ஒரு தங்கல். கடைசியில் தோட்டங்கள் வழியாக வீடு. போன வழியிலேயே திரும்பி வருவது பஸ்காரன் வேலை, நாம் வட்டமாக வரவேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். எங்கே நின்றால் எந்தப் பள்ளத்தாக்கு தெரியும், எங்கே நல்ல டீ கிடைக்கும், எங்கே கார் நிறுத்த நிழல் உண்டு என்பது வரை விசாரித்து வைத்திருந்தேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். விடுதிக்காரர்களுக்கு எழுதிப்போட வேண்டும், அறையை உறுதி செய்ய வேண்டும். நான் ஊர் பெயரைப் படிக்கப் படிக்க அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஏரி ஊர் வந்ததும் கையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஏரியின் மேல் விரலை வைத்தாள்.

"ஏங்க, இங்கேருந்து திரும்பும்போது ஒருத்தருக்கு மட்டும் ரூம் சொல்லுங்க," என்றாள்.

நான் சிரித்தேன். ஏன், என்னை ஏரியில் தள்ளிவிட்டு நீ மட்டும் வருவதாக உத்தேசமா என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள், "இல்லீங்க. நான் அங்கேயே இருக்கப் போறேன்."

பாப்பா, எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் சொன்னதை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். அந்த ஏரி ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறதாம். பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் கிடையாதாம். வலி எடுத்த பெண்களை ஜீப்பில் போட்டு மலைப்பாதையில் கீழே கொண்டு வருகிறார்களாம், பாதி வழியிலேயே ஆகிவிடுகிறதாம். இவளோடு முன்பு வேலை பார்த்த டாக்டரம்மா ஒருத்தி அங்கே மாற்றலாகிப் போயிருக்கிறாள். அவள் கேட்டிருக்கிறாள். இவள் சரி என்று சொல்லிவிட்டாள். வேலை உத்தரவும் வந்துவிட்டது. தங்குவதற்கு அவர்களே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வீடு கொடுக்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. நான் இங்கே உட்கார்ந்து டீக்கடை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "போய்ப் பார்த்தாத்தான் தெரியும்," என்றாள். என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். உண்மையிலேயே இல்லை, அவள் முகம் எனக்குத் தெரியாதா? ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். பட்டாணித் தோலை வாரி எடுத்துக்கொண்டே ஒரு பதில் சொன்னாள். "சொன்னா அதுக்கும் நீங்க பிளான் போட்டுடுவீங்க."

அவ்வளவுதான். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாடு வழக்கம் போல இருந்தது. உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது.

அறுபதைத் தொடும் வயதில் ஒருத்தி இப்படிக் கிளம்புவாளா? பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி சில வருஷம் அவளைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்து ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். பதவி உயர்வு என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவள் ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இப்போது கேட்டால், "அங்கே நாற்காலி தேய்ச்சதுதான் மிச்சம்," என்கிறாள்.

நீதான் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். மூட்டு வலியை ஞாபகப்படுத்து. மலைக் குளிரைச் சொல். அப்பா தனியாக வெந்நீர்கூட வைத்துக்கொள்ள மாட்டார் என்று சொல். அது உண்மையில்லை, ஆனாலும் சொல். கேட் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உன் பதிலுக்காக வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா


மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் ஒரு தடவை படித்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். மூட்டு வலிக்கு என்ன தைலம் என்று எழுதியிருக்கிறாய். மலை ஊருக்கு எந்தக் கம்பளிச் சட்டை நல்லது என்று எழுதியிருக்கிறாய். என்னை மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் "என்னது?" என்று ஒரு சொல் இல்லை. அப்பாவுக்குப் படிப்பு குறைவுதான், ஆனாலும் இத்தனை வருஷம் தாமதமாக வந்த டிரைவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டவன். எதை மறைத்தால் பேச்சில் எந்த இடம் வழுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் நேராகவே கேட்டேன், பாப்பாவுக்கு முன்னாலேயே தெரியுமா என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "விண்ணப்பத்தைச் சரி பார்த்துக் கொடுத்ததே அவதான்," என்றாள்.

முதல் அடியில் ஆடிப்போனேன் என்றால் இந்த அடியில் உட்கார்ந்தே விட்டேன். நிஜமாகவே உட்கார்ந்தேன், மடித்து வைத்த துணியின் மேல். அதற்குத் திட்டும் வாங்கினேன்.

உன் மேல் கோபம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எத்தனை மாதமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள்? நீ ஊரிலிருந்து பேசும்போது அம்மாவிடம் அவ்வளவு நேரம் பேசிவிட்டு, கடைசியில் என்னிடம், "அப்பா, ரோடு பிளான் எதுவரை வந்திருக்கு?" என்று கேட்பாயே. நானும் கணவாய், வளைவு, பாலம் என்று உற்சாகமாக அடுக்குவேன். அந்தப் பக்கம் நீ உம் கொட்டுவாய். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

இனி நடந்ததை நீயே தெரிந்துகொள், எப்படியும் அவள் உனக்குச் சொல்லத்தான் போகிறாள். நான் பயணத்தையே நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். மெக்கானிக்கிடம் போய், கியர் பெட்டி போய்விட்டது, வண்டி மலை ஏறாது என்று அம்மா கேட்டால் சொல்லுப்பா என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "சிஸ்டர், வண்டி குதிரை மாதிரி இருக்கு, சார்தான் எதுக்கோ பயப்படுறார்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் பிரசவம் பார்த்து வெளியே இழுத்துப் போட்டவள் உன் அம்மாவாம். இந்த ஊரில் யாரிடம் போய் நான் ஒரு பொய் சொல்லச் சொல்ல முடியும்?

அவள் கோபிக்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு வர இஷ்டமில்லேன்னா விடுங்க. நான் பஸ்ல போய்க்கறேன்," என்றாள்.

பஸ்ஸில். அந்த மலை ரூட்டுக்கு எந்த மாதிரி வண்டியை விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? டயர் வழுவழுவென்று தேய்ந்ததை எல்லாம் கடைசியாக அந்தப் பக்கம்தான் தள்ளுவோம். பெட்டியை மேலே கட்டிவிட்டு, கணவாயில் இறங்கி அடுத்த வண்டிக்கு மழையில் நிற்க வேண்டும். இவள் நிற்பாள். சொன்னால் செய்வாள் என்று இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் போகிறோம். விடுதிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். முதல் மூன்று இடங்களில் இரண்டு பேர். அருவிப் பக்கத்து விடுதிக்கு எழுதும்போது 'ஒருவர்' என்று எழுத வேண்டியிருந்தது. அந்த அட்டையை மட்டும் தபால் பெட்டியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டையைத் துவைக்கப் போட்டபோது உன் அம்மா எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள்.

தைலத்தின் பெயர் சரியாகப் புரியவில்லை. கொட்டை எழுத்தில் எழுது.

அப்பா


அன்புள்ள பாப்பா,

இதை அருவி விடுதியிலிருந்து எழுதுகிறேன். அருவி பின்பக்கம் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை. நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். போன கடிதத்தில் உன்னைக் கடுமையாக ஏதாவது சொல்லியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. அதைவிடப் பெரிய விஷயங்கள் நடந்துவிட்டன.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக நிற்கிறது. பழுப்பும் நீலமும் நடுவில் கோடு கிழித்த மாதிரி. விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தாரிடம் உன் அம்மா எங்களைப் படம் எடுக்கச் சொன்னாள். நான் கண்ணை மூடிவிட்டேன் என்று மறுபடி எடுக்கச் சொன்னாள். அடுத்த நாள் காட்டுக்குள் ஏறும்போது மூடுபனி. முன்னால் கை நீட்டினால் கை தெரியாது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "லெஃப்ட்ல பள்ளம், இன்னும் கொஞ்சம் ரைட்ல போங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தலைமுடி எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் விசாரித்து வைத்திருந்த பள்ளத்தாக்கு ஒன்றும் தெரியவில்லை. டீக்கடை மட்டும் சொன்ன இடத்தில் இருந்தது. வழியெல்லாம் நான் ஒரு நம்பிக்கையில்தான் ஓட்டினேன், பாப்பா. அந்த ஊரையும் அந்தக் குளிரையும் நேரில் பார்த்தால் மனம் மாறிவிடுவாள் என்று.

ஏரி ஊர் என்றால் ஒரே ஒரு தெரு. மரம் அறுக்கிற மில் ஒன்று, பள்ளிக்கூடம், நாலைந்து கடை, ஒரு விடுதி. தெருக் கோடியில் தகரக் கூரை போட்ட ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வாசலில் நின்றிருப்பாள், ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினேன். டாக்டரம்மா கீழே கூட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லரில் மெத்தை போட்டு ஒரு பெண்ணைக் கொண்டு வந்திருந்தார்கள். சின்னப் பெண், உன்னைவிடச் சின்னவள். அவள் போட்ட சத்தத்தில் எனக்குச் சாவியை எடுக்கக் கை வரவில்லை.

உன் அம்மா காரை விட்டு இறங்கியது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் ஓடினாள், பாப்பா. மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள் ஓடினாள். உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு பெஞ்சு. நானும் அந்தப் பெண்ணின் புருஷனும் உட்கார்ந்தோம். டிராக்டர் ஓட்டுகிறவன். கையெல்லாம் கிரீஸ். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய், அங்கே எங்கே பார்க்கறே? என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு. நான் சொல்லாம முக்கினே, தொலைச்சுடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, எழுந்து நின்றேன். நம் வீட்டில் அந்தக் குரலை நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு நாயைக்கூட இவள் மெதுவாகத்தான் விரட்டுவாள். தினமும் காலையில் ஸ்கூட்டரில் பெரிய ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டு நான் டிப்போவுக்குப் போவேன். சாயங்காலம் அதே கேட்டில் ஏற்றிக்கொள்வேன். கேட்டைத் தாண்டி நான் போனதில்லை, போக ஒரு வேலையும் இருந்ததில்லை. உள்ளே இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். அதட்டினாள், கொஞ்சினாள், யாரையோ வெந்நீர் எங்கே என்று கத்தினாள். நடுவில் அந்தப் பெண் ஏதோ சொல்ல, இவள் பெரிதாகச் சிரித்தாள். வலியில் துடிக்கிறவளையும் ஒரு நொடி சிரிக்க வைத்துவிட்டாள்.

டிராக்டர்க்காரன் என்னைப் பார்த்தான். "உள்ளே இருக்கற அம்மா யாருங்க?" என்று கேட்டான்.

"தெரியலப்பா. புதுசா வந்திருக்காங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

பையன் பிறந்தான். அழுகைச் சத்தம் கேட்டதும் டிராக்டர்க்காரன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். என் சட்டையெல்லாம் கிரீஸ். உன் அம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை, மேலெல்லாம் கறை. அவனிடம், போய்ப் பார், தொட்டுத் தூக்குவதற்கு முன்னால் கையைக் கழுவு என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் சாமானை இறக்கலையா?" என்று கேட்டாள். வீட்டுக் குரல். நம் குரல். நான் ஓடிப்போய்ச் சாமானை இறக்கினேன்.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியை விட்டு வரவில்லை. பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் திணறுகிறது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். ஏரியைப் பார்த்த மாதிரி இரண்டு பேருக்கு அறை எடுத்திருந்தேன் அல்லவா, அதில் நான் தனியாகப் படுத்தேன். காலையில் போனபோது பிள்ளை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். வீட்டைப் போய்ப் பார்த்தோம். குழாய் ஒழுகியது. கயிறு கட்டி நிறுத்தினேன். ஜன்னல் கொக்கி ஒன்று இல்லை. ஆணி அடித்தேன். வேறு ஏதாவது உடைந்திருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் இல்லை. பிறகு கிளம்ப வேண்டியதுதானே.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வந்து முன்கண்ணாடியில் இருந்த பனியை ஒரு துணியால் துடைத்தாள். துடைத்து முடித்தும் துடைத்தாள். மனம் மாறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது, அதனால் நானும் கேட்கவில்லை. வளைவுகளில் ஹாரன் அடியுங்கள் என்றாள். சரி என்றேன். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"வீட்டுல ரெண்டு ரூம் இருக்குங்க," என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் இன்ஜினைப் போட்டு, எங்கே என்ன வளைவு என்று தெரியாமலே இங்கே வந்து சேர்ந்தேன். விடுதிக்கார அம்மாள், "ஒருத்தர்தானே எழுதியிருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்ல அறைதான். ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு தம்ளர்.

நேற்றிலிருந்து எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு அறை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஒன்றில் நான்தான் ஜன்னலுக்கு ஆணி அடித்தேன். தெரிந்ததை ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? நீ ஊரிலிருந்து வந்தால் தங்க இடம் இருக்கிறது என்று சொன்னாளா? சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாளா? அல்லது வேறு ஏதாவதா? ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? திரும்பி மேலே ஏறிப் போய்க் கேட்கலாம்தான். கார் நிற்கிறது, பெட்ரோல் இருக்கிறது. ஆனால் அவள் உள்ளே வேலையாக இருக்கும்போது, நான் வாசலில் போய் நின்று என்னவென்று கேட்பது?

உன்னிடம்தான் அவள் எல்லாம் சொல்கிறாளே. அவளுக்கு எழுதும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார். நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லாதே. குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, நடுவில் நைஸாகக் கேள். அவள் என்ன சொன்னாலும் அப்படியே எழுது, எனக்காக ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பதிலை வீட்டு முகவரிக்குப் போடாதே. இந்த விடுதி முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். திட்டப்படி இன்றைக்கு நான் தோட்டங்கள் வழியாக வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இங்கே எத்தனை நாள் தங்குவீர்கள் என்று விடுதிக்கார அம்மாள் கேட்டாள். ஒரு கடிதம் வர வேண்டும், வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருமலுக்கு ஆவி பிடி, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா கைராசியோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது, பாப்பா.

உன்
அப்பா